பீரியட்ஸ் நாளில் நீச்சல்: கப்பா, டாம்பானா, மாத்திரையா?

ஏப்ரல் பிறந்துவிட்டால் நீச்சல் குளங்களில் சம்மர் பேட்ச் களைகட்டிவிடும். இரண்டு மூன்று வார வகுப்பு, முழுப் பணத்தையும் முதல் நாளே கட்டிவிட வேண்டும், வராத நாளுக்கு ஈடு கிடையாது. பெண்கள் பேட்ச்சில் பெயர் கொடுக்கும்போதே மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும்: தேதி நடுவில் வருமா, தப்பிக்குமா? புதிதாகக் கற்றுக்கொள்பவர் நான்கைந்து நாள் விட்டால், அப்போதுதான் மிதக்கத் துணிந்த உடம்பு மறுபடியும் முரண்டு பிடிக்கும். ஆண்டு முழுக்க நீந்துபவருக்கோ மாதம் ஐந்து நாள் வீதம் வருடத்துக்கு அறுபது நாள், அதாவது இரண்டு மாதச் சந்தா வீண்.

அந்த நாட்களில் இறங்க வேண்டாம் என்று தோன்றினால் அதுவும் நல்ல முடிவுதான், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இறங்கலாம் என்று நினைப்பவர் முன்னால் இருக்கும் வழிகள் இவை: பேட், தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரை, டாம்பான், மென்ஸ்ட்ருவல் கப், டிஸ்க், பீரியட்ஸ் நீச்சலுடை. என் ஓட்டு கப்புக்கு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பழகிக்கொள்ள இரண்டு மூன்று மாதமாவது கையில் இருக்க வேண்டும். வகுப்பு அடுத்த வாரமே என்றால் நான் டாம்பானைத்தான் சொல்வேன்.

பேட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். "ஒரு மணி நேரம்தானே, பேட் வைத்துக்கொண்டே இறங்கிவிடலாமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. முடியாது. நாப்கினுக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி சோடியம் பாலிஅக்ரிலேட். ஈரத்தைக் கண்டால் உறிஞ்சி ஜெல்லாக மாறுவதுதான் அதன் வேலை. அந்த ஈரம் ரத்தமா, குளத்துத் தண்ணீரா என்று அது பார்க்காது. இறங்கிய சில நிமிடங்களில் குளத்தைக் குடித்து ஊதிப்போய், பின்பக்கப் பசை விட்டு, உடைக்குள் கட்டியாகத் தொங்கும். அதற்குமேல் ஒரு சொட்டைக்கூடப் பிடிக்க அதில் இடம் இருக்காது. துணியும் இதே கதைதான்.

இன்னொரு நம்பிக்கை, தண்ணீருக்குள் இருக்கும்போது உதிரப்போக்கு நின்றுவிடும் என்பது. பாட்டி காலத்து நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம், இணையத்திலும் உலவுகிறது. கர்ப்பப்பை தண்ணீரைப் பார்த்து வேலையை நிறுத்தாது. வெளியிலிருந்து நீரின் அழுத்தம் எதிர்த்து நிற்பதால் வழிவது குறைந்ததுபோல் தோன்றும், அவ்வளவுதான். இருமினாலோ சிரித்தாலோ அந்தச் சமநிலை போய்விடும். ஏணியில் ஏறி வெளியே வரும் நேரத்தில் சேர்ந்திருந்ததெல்லாம் ஒன்றாக இறங்கும். சங்கடம் நேருவது பெரும்பாலும் குளத்துக்குள் இல்லை, குளத்திலிருந்து உடை மாற்றும் அறைக்குப் போகும் அந்தப் பத்து இருபது அடி தூரத்தில்தான்.

சுகாதாரம் பற்றிய பயத்துக்கும் ஒரு வார்த்தை. ஒரு மாதவிடாய் முழுவதும் சேர்த்து வெளியேறும் ரத்தம் பெரும்பாலோருக்கு 30 முதல் 40 மில்லி. ஒரு மணி நேரத்துப் பங்கு ஒன்றிரண்டு மில்லியைத் தாண்டாது. 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் கொண்ட போட்டிக் குளத்தில் இருப்பது 25 லட்சம் லிட்டர், அதுவும் குளோரின் கலந்த தண்ணீர். ஆகவே "குளம் கெட்டுப்போகும்" என்பதில் பொருளில்லை. நாம் எதையாவது வைத்துக்கொண்டு இறங்குவது நம் நிம்மதிக்காகவும் பக்கத்து லேனில் நீந்துபவர் மீதுள்ள மரியாதைக்காகவும்.

அடுத்து மாத்திரை. நம் வீடுகளுக்கு இது அந்நியமே இல்லை. கோயில் விசேஷம், கல்யாணம், கிரகப்பிரவேசம் என்றால் டாம்பானைக் கண்ணால் பார்த்திராத அம்மாக்கள்கூட "தள்ளிப்போக மாத்திரை போட்டுக்கோ" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அது நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன். வர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே ஆரம்பித்து, தினமும் மூன்று வேளை எடுத்து, நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பீரியட்ஸ் வரும். ஒரு கல்யாணத்துக்கு இது பொருந்தலாம். மூன்று வார நீச்சல் வகுப்புக்குப் பொருந்தாது. தள்ளிப்போடலாம், ரத்து செய்ய முடியாது. வகுப்பின் இரண்டாம் வாரத்தில் வர வேண்டியது மூன்றாம் வாரத்தில் வந்து நிற்கும். வயிறு உப்புசம், மார்பில் கனம், மனநிலை ஏற்ற இறக்கம், நடுவில் திட்டுத் திட்டாகப் படுவது எல்லாம் சிலருக்கு உண்டு. உடம்பு இந்த மருந்தில் ஒரு சிறு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் ரத்தக் கட்டி வந்தவர்கள், குடும்பத்தில் அந்த வரலாறு உள்ளவர்கள், கண்முன் மின்னலடித்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. மெடிக்கல் ஷாப்பில் பெயரைச் சொல்லி வாங்கிப் போடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். மாநிலப் போட்டி, நீண்டதூரக் கடல் நீச்சல் என்று ஒரே ஒரு நாள் முக்கியம் என்றால் மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வாராவாரம் குளத்துக்குப் போவதற்கு இதை நம்ப வேண்டாம்.

ஆக, உண்மையான போட்டி டாம்பானுக்கும் கப்புக்கும் இடையில்தான்.

டாம்பான் என்பது விரல் கனத்துக்கு இறுக்கிச் சுற்றிய பஞ்சு, முனையில் ஒரு நூல். நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றில் பல விரலாலேயே தள்ளி வைக்கும் வகை. குழாய் வைத்துத் தள்ளும் வகை வேண்டுமென்றால் ஆன்லைனில்தான் தேட வேண்டும். இதன் பெரிய பலம், முதல் நாளிலேயே கைவசப்பட்டுவிடும். சரியான ஆழத்துக்குப் போய்விட்டால் உள்ளே இருப்பதே தெரியாது. உறுத்தினால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ள வேண்டும் என்று அர்த்தம். எடுப்பது அதைவிட எளிது: நூலைப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டியதுதான்.

நீச்சலில் அதன் பலவீனமும் அந்த நூல்தான். நூல் தண்ணீரை உறிஞ்சும், பஞ்சும் ஓரளவு நனையும். அதனால் நீந்தி முடித்த கையோடு டாம்பானை மாற்றிவிட வேண்டும். இறங்குவதற்குச் சற்று முன் புதிதாக ஒன்று, ஏறியதும் கழற்றி இன்னொன்று என்று ஒரு வகுப்புக்கு இரண்டு. நூலை உடைக்குள் நன்றாகச் செருகிக்கொண்டால் வெளியே தெரியாது. சாதாரண அளவு டாம்பான் 6 முதல் 9 கிராம் வரை பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு அது தாராளம். போக்கு மிகக் குறைவான கடைசி நாளில் மட்டும் இது ஒத்துவராது. காய்ந்த பஞ்சை இழுத்து எடுப்பது எரிச்சலாக இருக்கும்.

டாம்பான் என்றதும் டாக்ஸிக் ஷாக் (பாக்டீரியா நச்சால் திடீரென வரும் ஆபத்தான நோய்) பயம் வரும். 1980-ல் அமெரிக்காவில் நடந்தது அது. 'ரிலை' என்ற அதிக உறிஞ்சு திறன் கொண்ட டாம்பானைப் பயன்படுத்திய பெண்களிடம் இந்த நோய் அதிகம் காணப்பட்டு, அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. காரணம் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சு. இப்போது இது மிக அரிது. தேவைக்கு ஏற்ற குறைந்த உறிஞ்சு திறன் கொண்டதை எடுப்பதும், எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பதும் போதுமான எச்சரிக்கை. திடீர்க் காய்ச்சல், வாந்தி அல்லது பேதி, தலைச்சுற்றல், வெயிலில் வெந்ததுபோல் தோல் சிவப்பது என்று வந்தால் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். கப் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். கப்பால் வந்ததாகவும் ஒரு சில நோயாளிகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள்.

கப்புக்கு வருவோம். மருத்துவத் தர சிலிக்கானில் செய்த, மணி வடிவக் கிண்ணம். இது நேற்று வந்த கண்டுபிடிப்பு இல்லை. லியோனா சால்மர்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1937-லேயே ரப்பரில் செய்த கப்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். டாம்பான் உறிஞ்சும், கப் பிடித்து வைக்கும். மடித்து உள்ளே விட்டதும் விரிந்து, அதன் விளிம்பு யோனிச் சுவரைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது. லேசான வெற்றிடம் உண்டாகி அது நகராமல் நிற்கிறது. நீச்சலுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. வெளியே நூல் இல்லை, உறிஞ்சிக்கொள்ளப் பஞ்சு இல்லை, சரியாக ஒட்டியிருந்தால் குளத்துத் தண்ணீர் உள்ளே போக வழியும் இல்லை. சாதாரணமாக 20 முதல் 30 மில்லி வரை கொள்ளும். அளவுக்கு ஏற்ப எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு.

இந்த நேரக் கணக்கில்தான் கப் நிஜமாகவே ஜெயிக்கிறது. நம் ஊர்க் குளங்களின் உடை மாற்றும் அறையை நினைத்துப் பாருங்கள். ஈரத் தரை, கொக்கி சரியில்லாத கதவு, ஒரே ஒரு குழாய், வெளியே அடுத்த பேட்ச் வரிசை. நம்மில் பலர் போடுவது முழங்கால் வரையோ கணுக்கால் வரையோ நீளும் முழு நீச்சலுடை. நனைந்த பிறகு அதைத் தோலிலிருந்து உரித்தெடுப்பதே ஒரு தனி உடற்பயிற்சி. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, கையில் புது டாம்பானை நனையாமல் பிடித்துக்கொண்டு, பழையதைப் பேப்பரில் சுற்றி எங்கே போடுவது என்று தேட வேண்டும். குப்பைத் தொட்டி இல்லாத அறைகள் ஏராளம், டாய்லெட்டில் போட்டால் அடைத்துக்கொள்ளும். கப் வைத்திருப்பவர் இதில் எதையும் செய்ய வேண்டாம். காலையில் வீட்டுக் குளியலறையில் நிதானமாக வைத்துக்கொண்டு கிளம்பினால், நீந்தி, குளித்து, ஆபீஸ் போய், வீட்டுக்கு வந்துகூட எடுக்கலாம். போக்கு அதிகமான முதல் இரண்டு நாள் மட்டும் நடுவில் ஒருமுறை காலி செய்ய வேண்டியிருக்கும்.

பாத்ரூமே இல்லாத இடங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கிணற்றிலும் பம்புசெட் தொட்டியிலும் வாய்க்காலிலும் நீச்சல் பழகும் ஊர்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. அங்கே டாம்பான் மாற்ற இடம் ஏது? கடலிலும் அப்படித்தான், மணல் ஒட்டிய விரலால் எதையும் செய்யக் கூடாது. (கடல் என்றதும் "ரத்த வாடைக்குச் சுறா வருமே" என்று ஒருவராவது கேட்பார். மாதவிடாய்க்கும் சுறா தாக்குதலுக்கும் தொடர்பு இருப்பதாக ஆதாரம் இல்லை. நம் கடற்கரைகளில் ஆளை இழுத்துப் போவது நீரோட்டம். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.)

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லோருக்கும் முதலில் சொல்வதில்லை? கப் பழகும் வரை படுத்தும். முதல் மாதத்தில் ஒழுகும், சாய்ந்து நிற்கும், எடுக்க வராமல் வியர்க்க வைக்கும். 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு 43 ஆய்வுகளை, 3,319 பேரின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தது. கசிவு விஷயத்தில் கப், பேட் டாம்பான்களுக்கு இணையாகவோ மேலாகவோ இருந்தது. முயன்று பார்த்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் தொடர விரும்பினார்கள். கைவசப்படச் சில மாதங்கள் பிடிக்கிறது என்பதும் அதில் உண்டு. ஆகவே கப்பை வாங்கிய மறுநாள் குளத்தில் இறங்கிச் சோதிக்க வேண்டாம். ஒரு விடுமுறை நாளில், வீட்டில், பேட்டோடு சேர்த்து ஆரம்பியுங்கள்.

வைக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம், கசிவெல்லாம் இங்கேதான் தீர்மானமாகிறது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கப்பைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரே போதும், எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம். புதியவர்களுக்கு எளிய மடிப்பு, விளிம்பின் ஒரு பக்கத்தை ஆட்காட்டி விரலால் உள்ளே அமுக்கிக் கூம்பு போலாக்கிப் பிடிப்பது. இந்தியன் டாய்லெட்டில் உட்காரும் நிலை இதற்கு மிக வசதி. விடும் திசை நேர் மேலே இல்லை, முதுகின் கீழ்ப்பகுதியை நோக்கிச் சாய்வாக. உள்ளே போனதும் கையை விட்டால் 'பொக்' என்று விரிவது பல நேரம் உணரத் தெரியும். அத்தோடு விட்டுவிடாமல், கப்பின் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு விரலை ஓட்டுங்கள். முழு வட்டமாக இருந்தால் சரி. எங்காவது பள்ளம் தட்டுப்பட்டால் முழுதாக விரியவில்லை. அடியைப் பிடித்து லேசாகத் திருப்பினால் பெரும்பாலும் விரிந்துவிடும். பிறகு சிலமுறை உட்கார்ந்து எழுந்து, பலமாக இருமிப் பாருங்கள். வறண்ட தரையில் இந்தச் சோதனையில் தேறிய கப் தண்ணீரில் ஏமாற்றுவது அரிது. குளத்துக்குக் கிளம்பும் முன் சிறுநீர் கழித்துவிடுவதும் நல்லது, முன்பக்கமாக அழுத்தும் கப் சிலருக்கு அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வைத் தரும்.

எடுக்கும்போது செய்யக் கூடாத ஒன்று, காம்பைப் பிடித்து இழுப்பது. மலம் கழிப்பதுபோல் மெதுவாக முக்கினால் கப் கீழே இறங்கும். அடிப்பாகத்தை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தால் காற்று புகுந்து ஒட்டு விடும். பிறகு சற்றுச் சாய்த்து எடுத்தால் சிந்தாது. "உள்ளேயே போய்த் தொலைந்துவிட்டால்?" என்ற பயம் தேவையில்லை. மேலே கர்ப்பப்பை வாய் இருக்கிறது, அதன் துளை வழியாகக் கப் போக முடியாது. வராவிட்டால் பதற்றப்படாமல் பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், இறுகிய தசை தளர்ந்ததும் வரும்.

எந்தக் கப் என்பதிலும் நீச்சலுக்கென்று ஒரு யோசனை உண்டு. பெட்டியில் போட்டிருக்கும் ஸ்மால், மீடியம், லார்ஜ் கணக்கு பெரும்பாலும் வயதையும் பிரசவத்தையும் வைத்தது. அதைவிட முக்கியம் இரண்டு விஷயம். ஒன்று, கர்ப்பப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. பீரியட்ஸ் நாளில் விரல் விட்டுப் பார்த்தால், மூக்கு நுனி போன்ற ஒன்று தட்டுப்படும். முதல் கணுவிலேயே தட்டினால் குட்டையான கப் வேண்டும், இல்லையென்றால் அது கீழே இறங்கி உட்கார்ந்து உறுத்தும். மற்றது, கப்பின் விறைப்பு. தினமும் நீந்துபவர்கள், உடற்பயிற்சி செய்பவர்களுக்கு இடுப்புத் தளத் தசை வலுவாக இருக்கும். பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் காலை உதைக்கும்போதும், சுவர் பக்கம் வந்து கரணமடித்துத் திரும்பும்போதும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். மிருதுவான கப் அதில் நசுங்கி ஒட்டு விட்டுப்போகலாம். கொஞ்சம் விறைப்பானது இவர்களுக்கு நல்லது. விறைப்பு கூடினால் சிறுநீர்ப்பையை அழுத்தும் தொல்லையும் கூடும் என்பதால் ஆரம்பத்திலேயே மிக விறைப்பானதற்குப் போக வேண்டாம்.

காப்பர் டி போட்டிருப்பவர்கள் மட்டும் இந்தப் பத்தியைத் தாண்டாமல் படியுங்கள். ஒட்டை உடைக்காமல் கப்பை இழுத்தால், அந்த உறிஞ்சலில் காப்பர் டி நகரவும் வெளியே வரவும் வாய்ப்புண்டு. கப் பயன்படுத்துபவர்களிடம் காப்பர் டி விழுவது கூடுதல் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. போட்ட மருத்துவரிடம் கேட்டு, காப்பர் டி-யின் நூலைக் குட்டையாக வெட்டிக்கொள்ளலாம், அல்லது நீச்சல் நாளுக்கு டாம்பானோடு நிறுத்திக்கொள்ளலாம். நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் செய்வேன். பிரசவமாகி ஆறு வாரம் ஆகாதவர்களுக்கும், யோனித் தொற்றுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இரண்டுமே வேண்டாம், அந்தச் சமயத்தில் குளமும் வேண்டாம்.

டிஸ்க் கப்பின் தங்கை மாதிரி. வட்ட வளையத்தில் மெல்லிய பை. கர்ப்பப்பை வாய்க்கு அடியில் குறுக்காகப் படுத்து, முன்பக்க இடுப்பெலும்பின் பின்னால் செருகி நிற்கும். வெற்றிடம் கிடையாது. கொள்ளளவு பொதுவாகக் கப்பைவிட அதிகம். ஆனால் முக்கினால் சற்றுச் சாய்ந்து கொஞ்சம் வெளியேற்றும் குணம் இதற்கு உண்டு. கையை ஊன்றி எக்கிக் குளத்தின் விளிம்பில் ஏறும்போது அப்படி நடந்தால் வம்பு. கடைகளில் எளிதாகக் கிடைப்பதும் இல்லை. கப் ஒத்துவராதவர்கள் பார்க்கலாம்.

பீரியட்ஸ் நீச்சலுடை என்பது உள்பக்கம் உறிஞ்சும் அடுக்கும் அதற்கு வெளியே தண்ணீர் புகாத மெல்லிய அடுக்கும் வைத்துத் தைத்தது. காலோடும் இடுப்போடும் இறுக்கமாகப் பிடித்திருந்தால்தான் பயன். முதல் இரண்டு நாளுக்கு இதை மட்டும் நம்பி இறங்குவது சரிப்படாது. ஆரம்பத் துளிகள், கடைசி நாள் அழுக்கு, கப் கசிந்தால் ஒரு பாதுகாப்பு என்ற அளவில் நல்லது. விலையும் கூட. கறுப்போ கருநீலமோ சாதாரண நீச்சலுடையே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும் என்பது என் எண்ணம்.

இந்த உடை நிஜமாகவே கைகொடுப்பது வயசுக்கு வந்த சின்னப் பெண்களுக்கு. பதின்மூன்று வயது மகளை நீச்சலில் சேர்த்த அம்மாவின் கேள்வி வேறு: கப், டாம்பானெல்லாம் இந்த வயதில் சரியா, கன்னித்திரை என்ன ஆகும்? கன்னித்திரை என்பது வாயிலை மூடிய ஜவ்வு இல்லை. ஓரத்தில் இருக்கும் மெல்லிய சதை, நடுவில் திறப்பு உண்டு, அதனால்தான் மாதவிடாயே வெளியே வருகிறது. டாம்பானோ கப்போ அதை விரிக்கலாம், சிலருக்குச் சிறிது கிழியலாம். அதைப் பார்த்து ஒரு பெண்ணைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது. கன்னித்தன்மைப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படை கிடையாது, அதை ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் 2018-ல் சேர்ந்து அறிவித்தன. எனவே மருத்துவக் காரணத்தால் தடை ஏதும் இல்லை. தடையாக இருப்பது பெண்ணின் தயக்கம், அதை மதிக்க வேண்டும். அவளே கேட்டால் மிகச் சிறிய டாம்பானில் ஆரம்பிக்கலாம். வேண்டாம் என்றால் போக்கு அதிகமான இரண்டு நாள் லீவு, மீதி நாளுக்குப் பீரியட்ஸ் நீச்சலுடை. கோச்சிடம் அம்மா ஒரு வார்த்தை சொல்லிவைத்தால், அந்த இரண்டு நாளில் கரையில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சியும் கை அசைவும் செய்ய விடுவார்கள்.

போட்டிக்கு நீந்தும் பெண்கள் இதையெல்லாம் மறைத்தே பழகியவர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மெட்லி ரிலேயில் சீன அணி நான்காவதாக வந்த பிறகு, அந்த அணியின் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய் தொலைக்காட்சிக்காரர்களிடம் தனக்கு முந்தைய இரவுதான் பீரியட்ஸ் வந்தது, அதனால் களைப்பாக இருந்தது, ஆனாலும் அது சாக்கு இல்லை என்று சாதாரணமாகச் சொன்னார். டாம்பான் புழக்கம் மிகக் குறைவான சீனாவில் பலரும் கேட்டது, அந்த நாளில் எப்படித் தண்ணீரில் இறங்க முடியும் என்றுதான். இங்கே நம் வீடுகளிலும் அதே கேள்விதான் வரும்.

பணக் கணக்கில் கப்புக்குப் போட்டியே இல்லை. 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் வாங்கிவிடலாம், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருடம் வரும். டாம்பான் ஒரு வகுப்புக்கு இரண்டு, ஒரு சுற்றுக்கு நான்கு வகுப்பு என்று வைத்தாலும் மாதம் ஒரு பாக்கெட் காலி. கேரளம் இதை ஊர் அளவில் செய்து பார்த்திருக்கிறது. ஆலப்புழையில் 2019-ல் 'திங்கள்' திட்டத்தில் 5,000 கப்புகள் இலவசமாகக் கொடுத்தார்கள். காயல் சூழ்ந்த கும்பளங்கி, வீட்டுக்கு வீடு கப் கொடுத்துப் பயிற்சியும் தந்து, நாட்டின் முதல் நாப்கின் இல்லாத ஊராக 2022 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அங்கே கணக்கு குப்பையைப் பற்றியது. ஆனால் பழகியவர் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் கப் சீக்கிரம் கைவசப்படும் என்பது நமக்கும் உதவும். பெண்கள் பேட்ச்சில் யாராவது ஒருவர் கப் வைப்பவராக இருப்பார், கூச்சப்படாமல் கேளுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. சுற்றுத் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் தனிப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். இடையில் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். டெட்டால் வேண்டவே வேண்டாம், அது உள்ளே எரியும். காற்றுப் புகும் துணிப்பையில் வையுங்கள், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வேண்டாம். குளத்துக் குளோரின் சிலிக்கானை ஒன்றும் செய்யாது. எதை வைத்துக்கொண்டு நீந்தினாலும் ஈர உடையோடு அரட்டை அடித்துக்கொண்டு உட்காராதீர்கள், பூஞ்சைத் தொற்று வரும்.

கப்பில் பலவற்றுக்கு உள்ளே மில்லி அளவுக் கோடுகள் உண்டு. பேட்டில் தெரியாத ஒன்றை அது காட்டிக்கொடுக்கும். ஒரு சுற்றில் 80 மில்லிக்கு மேல் போகிறது என்றால் அது அதிகப்படியான போக்கு. கப் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறைந்து வழிகிறது, நான்கு லேப் போட்டதும் மூச்சு வாங்குகிறது என்றால் பெரிய சைஸ் கப் தேட வேண்டாம். ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள், நீச்சலை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.